வயலட்டுக்குத் தண்ணீர்

தொட்டில் ஆடுவது நின்றுவிட்டது, ஆனால் அது தொங்கும் கொக்கியில் இன்னும் ஒரு சின்ன கிறீச் மிச்சமிருக்கிறது, அதுவும் நிற்கட்டும், நின்ற பிறகு மேஸ்திரியைத் திறக்கலாம் என்று மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மணி மூன்று பத்து, ஐந்து மணிக்குக் கார் வரும், பக்கத்து அறையில் கிளமென்ட் பெட்டி அடுக்குகிறார், ஜிப்பை இழுக்கும் சத்தம், கொஞ்சம் அமைதி, மறுபடி ஜிப்பைத் திறக்கும் சத்தம், எதையோ மறந்துவிட்டார். பதினாறு நாள். ஆந்திராவில் ஏதோ ஆற்றங்கரையில் இவர் கம்பெனியின் நான்கு பம்புகளை இறக்கியிருக்கிறார்கள், அவை ஓடித் தண்ணீர் மேலே ஏறும்வரை இவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அம்மா போன வாரமே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆக ஐந்து மணியிலிருந்து இந்த மாடி வீட்டில் நானும் பாப்பாவும், பாப்பாவும் என் இரண்டு கைகளும். அதைத்தான் சொல்ல வேண்டும். ஐந்துக்குள் சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் நாற்பது தடவை சொல்லியாயிற்று, ஒவ்வொரு தடவையும் அவர் வேறு வேறு முகத்தோடு கேட்டுக்கொண்டார், சில முகங்கள் நல்லவை, ஒரு முகம் பாப்பாவை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது, அந்த முகம் வந்ததும் நான் சொல்வதை நிறுத்திவிடுவேன்.

பாப்பா பிறந்த பதினோராம் நாள் அது. மஞ்சள் பூத்திருக்கிறது, காலை வெயில் காட்டுங்கள் என்றார்கள், மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன், சுவர் என் இடுப்புயரம், எட்டிப் பார்த்தால் கீழே வீட்டுக்காரர்களின் துவைக்கிற கல், அதன்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன நீல சோப்பு டப்பா. விட்டுவிட்டால்? என்று தோன்றியது. காதில் யாரும் சொல்லவில்லை, என் குரல்தான், பாலை இறக்கிவிட்டால் என்ன என்பதுபோல அவ்வளவு நிதானமாக. விடவில்லை. இறுக்கிப் பிடித்ததில் பாப்பா வீறிட்டாள், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தேன், பின்பக்கமெல்லாம் சுண்ணாம்பு, அம்மா பார்த்துவிட்டு என்னட்டி இது என்றாள், வழுக்கிச்சும்மா என்றேன். அன்றிலிருந்து கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குளிப்பாட்டும் தண்ணீர் அருகில், மாடிப்படியின் முதல் படியில், பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது, அந்த நிதானமான குரல் வந்துவிடுகிறது, நான் கைகளைக் கட்டிக்கொள்கிறேன், கிளமென்ட் பாப்பாவை வாங்கிக்கொள்கிறார், நீ ரெஸ்ட் எடு என்கிறார். நல்லவர். துணி துவைக்கிறார், பாப்பாவைக் குளிப்பாட்டுகிறார், சாம்பார்கூட வைக்கிறார், கொஞ்சம் இனிப்பாக, இந்தக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் வெல்லம் வேண்டும். எழுபத்து நான்கு நாள் ஆகிவிட்டது. கொக்கி நின்றுவிட்டது. திறக்கிறேன்.

இந்த விளையாட்டு அவருடையது. கல்யாணத்துக்கு முன்னால் ராத்திரி ராத்திரியாக ஆடியிருக்கிறார், ஏழாம் மாதம் டாக்டர் என்னைப் படுத்தே இரு என்றபோது எனக்கு இறக்கிக் கொடுத்தார். ஒரு மலை, மலைக்குள்ளே குள்ளர்கள், அவர்கள் தோண்டுவார்கள், சமைப்பார்கள், கட்டில் செய்வார்கள், குடிப்பார்கள், அழுவார்கள், நாம் யாரையும் கையைப் பிடித்து நடத்த முடியாது, இன்னார்க்கு இன்ன வேலை என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதையும் விளையாட்டுக்குள்ளேயே சொல்லப் போனால் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து நாலு கதவு திறந்து உள்ளே போக வேண்டும், உயிர் போய்விடும். அதனால் ஆடுகிறவர்கள் தனியாக ஒரு சின்ன மென்பொருளைப் பக்கத்தில் ஓட விடுவார்கள், அது மலைக்குள் எட்டிப் பார்த்து எல்லாரையும் ஒரே தாளில் கொண்டுவந்து போடும், இடது பக்கம் பெயர்கள், மேலே வரிசையாக வேலைகள், நடுவில் கட்டங்கள், கட்டத்தைத் தொட்டால் நிறம் வரும், அந்த ஆளுக்கு அந்த வேலை. கிளமென்ட் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறார். மேஸ்திரியக் கேக்காம எவனும் சட்டியத் தூக்க மாட்டான் என்பார். முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்ததும் பாப்பா உதைத்ததாக நினைத்தேன், இல்லை, அது ஹாஸ்டல் பலகை. கான்வென்ட் ஹாஸ்டலில் சாப்பாட்டு அறைக்கு வெளியே இதே பலகை, இடதுபக்கம் எங்கள் பெயர்கள், மேலே பெருக்குவது, சேப்பலில் பூ மாற்றுவது, அடிபம்பு, பாத்திரம், கடைசியில் சிக்ரூம், காய்ச்சலில் படுத்திருக்கிறவளுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோகிற வேலை, சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் பெர்னதெத் சாக்பீஸால் கட்டங்களில் குறி போடுவார். குறி போட்டால் மட்டும் போதாது. மணியடித்து எல்லாரையும் நிற்கவைத்து வாசிப்பார். வாசிக்கிறவரைக்கும் அது சாக்பீஸ்தான்டி, வாசிச்ச பிறகுதான் வேலை, என்பார். நாங்கள் வாசிப்பதற்குள் எச்சில் தொட்டு அழித்து மாற்றிவிடுவோம், அதற்காகவே அப்படிச் சொன்னார்.

அதனால்தான் குள்ளர்களுக்கு அந்தப் பெயர்களையே வைத்தேன், மேஸ்திரியில் பெயர் மாற்றிக்கொள்ளலாம். நாற்பத்து மூன்று பேர். தோண்டுகிறவள் சிஸ்டர் பெர்னதெத், நீண்ட தாடியோடு ஒரு சமையற்காரன் இருக்கிறான், அவன் எங்கள் கணக்கு மிஸ். போன வாரம் பிள்ளை பெற்றவளுக்கு வயலட் என்று, ஹாஸ்டலில் என் கூட்டாளியின் பெயரை வைத்தேன். இந்த விளையாட்டில் பிள்ளை பெற்றவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்விடுவாள், சுரங்கத்துக்கும் போவாள், தண்ணீர் பாயும் இடத்துக்கும் போவாள். அவள் வரிசையில் இருந்த எல்லா நிறத்தையும் அணைத்தேன். நீ ரெஸ்ட் எடு. பிறகும் மனம் ஆறவில்லை, மற்றவர்களும் கண்டபடி ஓடி அவள்மேல் மோதக் கூடாதே என்று தாள் முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை வைத்தேன், எவ்வளவு சுத்தமாக இருந்தது, கட்டம் போட்ட புது நோட்டு மாதிரி. கிளமென்ட் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சிரித்தார். ஏம்புள்ள, எல்லாத்துக்கும் ஆளுக்கொரு வேலைன்னு வெச்சுட்டியே, நடுவுல கெடக்கறத எவன் எடுப்பான்? நான் கோபித்துக்கொண்டேன், நாற்பத்து மூன்று பேர் இருக்காங்கல்லா என்றேன்.

வேலை இல்லாதவர்களும் தங்கள் வேலை முடிந்தவர்களும் கிணற்றடியில் போய் நிற்பார்கள், அது அந்த மலையின் வழக்கம். வயலட்டும் பிள்ளையோடு போய் நின்றாள். மேலே கூரையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு கல் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவளுக்குக் கால் போய்விட்டது, நேற்று அவளே ஊர்ந்து போய் நோயாளி அறையில் ஒரு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள், ஊர்ந்து போகும்போதும் பிள்ளையை விடவில்லை, அதைப் பார்த்துவிட்டு நான் லேப்டாப்பை மூடிப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது மேஸ்திரியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. தொட்டால் சொல்கிறது: தாகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாளி இருக்கிறது. கிணற்றடியில் பதினொரு பேர் சும்மா நிற்கிறார்கள், ஒருவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அவள் படுத்திருக்கும் அறைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கதவு, கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக் என்கிறது. ஜன்னல் திரைக்குள் காற்று புகுந்து அது வயிறு மாதிரி உப்பி மெல்ல இறங்குகிறது, மஞ்சள் திரை, அறை முழுக்க பலாச்சுளை நிறம், பாப்பாவின் மூச்சு எனக்குக் கேட்கிறதா அல்லது நான் அதை நினைத்துக்கொள்கிறேனா, எழுந்து பார்க்கலாம், எழுந்தால் கைகளும் கூட வரும். உட்கார்ந்தே கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன், தொட்டில் சேலையில் ஒரு குதிகாலின் மேடு. உயிரோடிருக்கிற மேடு. கண்ணை மூடுகிறேன், மூடினாலும் கட்டங்கள் இருக்கின்றன, இமைக்கு உள்பக்கம் பச்சையாக, பெயர்கள் நகர்கின்றன, பெர்னதெத், வயலட், கணக்கு மிஸ், அதற்கும் கீழே தாள் நீள்கிறது, இழுக்க இழுக்க வருகிறது, கிளமென்ட் என்று ஒரு வரிசை, எல்லாக் கட்டத்திலும் நிறம், அதற்குக் கீழே என் பெயர், ஜெஸ்லின், வெள்ளை, வெள்ளை, வெள்ளை, சிஸ்டர் பெர்னதெத் தாடியோடு வந்து சாக்பீஸைத் தேடுகிறார், சாக்பீஸ் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது, அது எப்படி, ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் காலில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், சிக்ரூமில் அந்த வாசம்தான், எனக்கு அம்மை போட்டபோது அங்கே ஒன்பது நாள், ஒரு நாள் யாரும் வரவில்லை, பலகையில் அந்தக் கட்டம் அழிந்திருந்ததாம், மழைச்சாரல் பட்டு, யாருமே கவனிக்கவில்லை, எனக்குக் கூப்பிடவும் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வயலட் நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், வயலட் என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். சாயங்காலம் அவளாகத்தான் எட்டிப் பார்த்தாள், ஏட்டி உனக்கு வாயில கொழுக்கட்டையா என்று திட்டிக்கொண்டே சொம்பை நீட்டினாள், சொம்பின் விளிம்பு பல்லில் பட்டது, அந்தக் குளிர்ச்சி…

கண்ணைத் திறக்கிறேன். மூன்று ஐம்பது. அந்தக் கட்டம். அழிந்திருந்தது. மேஸ்திரியின் தாளை வலது ஓரம்வரை தள்ளிக்கொண்டு போகிறேன், மீன் பிடிப்பது, தேன் எடுப்பது, எலும்பு செதுக்குவது, எல்லாம் தாண்டி ஓரத்தில் இருக்கிறது, நோயாளிக்குச் சோறும் தண்ணீரும். மேலிருந்து கீழ்வரை வெள்ளை. நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் இல்லை. நான்தான். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான்தான் அழித்தேன், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எறும்பு பார்க்கிறவனும் கெட்டவன் இல்லை, யாரும் அவனிடம் சொல்லவில்லை. விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுக்கிறேன், எல்லாருக்கும், கணக்கு மிஸ்ஸுக்கும் சேர்த்து, கட்டங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன, அப்பாடா என்று விளையாட்டுக்குத் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் அசையவில்லை. கொஞ்சம் பொறுக்கிறேன். மலைக்குள் பொழுது போகிறது. பதினொரு பேர் கிணற்றடியில். வயலட்டின் பொட்டு இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பு.

ஜெஸ்லீ, என் நீலக்கலர் துண்டு எங்க? என்று உள்ளேயிருந்து சத்தம். மெதுவா, பாப்பா, என்கிறேன். அவர் தலையை மட்டும் நீட்டுகிறார், பல்லுக்கிடையில் பேனா மூடி, கையில் சாக்ஸ், ஒரு சாக்ஸ். கதவுக்குப் பின்னால பாருங்க. பாத்துட்டேன் அம்மிணி. மொட்டைமாடியில கெடக்கும், என்கிறேன், மாடியில் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் நாக்கு காய்ந்துவிடுகிறது. இப்போது சொல்லலாம். மாடியில் என்று தொடங்கியாயிற்று, அப்படியே, மாடியில ஒரு நாள், என்று போக வேண்டியதுதான். போய் எடுத்துட்டு வந்தர்றேன் என்று அவர் போய்விட்டார். படியில் அவர் கால் சத்தம் மேலே மேலே. அவர் அந்தச் சுவரோரம் போவார், கொடி அங்கேதான் கட்டியிருக்கிறது, துண்டை உருவுவார், கீழே எட்டிப்பார்த்து வீட்டுக்கார அக்காவிடம் ஏதாவது கேலி பேசுவார், அவருக்கு ஒன்றும் தோன்றாது. தோன்றாதா? தனக்கும் தோன்றும் என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார்.

ஹாஸ்டல் மாடி. போர்வை துவைக்கும் நாள், ஈரப் போர்வைகள் கப்பல்பாய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தன, நானும் வயலட்டும் சுவரோரம் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தோம், பன்னிரண்டு வயது, கீழே மாதா சிலையிருக்கும் கெபியும் செம்பருத்தியும் சின்னதாகத் தெரிந்தன, குதித்தால் என்று எனக்குள் அந்தக் குரல், முதல் தடவை, எனக்குச் சாகவே விருப்பமில்லை, மறுநாள் எங்களுக்கு டூர் வேறு, ஆனாலும் குதித்தால். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வயலட் பட்டென்று திரும்பி, சிஸ்டர், எனக்கு இங்க நின்னா குதிச்சிருவேனோன்னு பயமா இருக்கு சிஸ்டர், என்றாள். அப்படியே. எல்லார் முன்னாலும். நான் நினைத்தேன், தொலைந்தாள், முட்டி போடச் சொல்வார், வீட்டுக்குக் கடிதம் போகும். சிஸ்டர் பெர்னதெத் வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, எனக்குந்தாண்டி தோணும், ரெண்டடி தள்ளி நின்னு காயப்போடு, நானும் தள்ளித்தானே நிக்கேன், என்றார். அவ்வளவுதான். வயலட் தள்ளி நின்று காயப்போட்டாள், பாட்டுப் பாடினாள். எனக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த வாரம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றபோது சொல்ல வேண்டியதை ஏழு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், வரிசை நகர நகர ஒவ்வொரு வார்த்தையும் பளபளவென்று தயாராக இருந்தது, முட்டி போட்டதும் சாமி, ஊறுகாய் திருடினேன் என்றேன். அதற்கு அபராத ஜெபம் மூன்று அருள்நிறை மரியே. பதினைந்து வருஷமாக அந்த ஊறுகாயிலேயே நிற்கிறேன்.

அவர் துண்டோடு வந்துவிட்டார். தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் குனிகிறார், வெயில் காய்ந்த துண்டின் வாசம். எப்படி இருக்கறாங்க உன் திருநெவேலிக் குள்ளனுங்க? வயலட்டுக்குத் தாகம், என்கிறேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. யாருக்குமே தண்ணி குடுக்கிற வேலை இல்லங்க, நான் அழிச்சிட்டேன். இப்ப எல்லாருக்கும் வெச்சாச்சு, ஆனா ஒருத்தரும் வரல. அவர் திரையைப் பார்க்கிறார். மஞ்சளா இருக்குது பாரு. அப்ளை பட்டன அழுத்துனியா? அழுத்தல, மறந்துட்டேன். அட, அழுத்தாம எப்படிப் புள்ள? மேஸ்திரி தாள்ல நீ எழுதி வெச்சுருக்கற, அவ்வளவுதான். உள்ள இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? சிரிக்கிறார். உள்ள போயிச் சேரணுமல்லோ.

பொத்தான் வலதுபக்க மூலையில் இருக்கிறது. எவ்வளவு நேரமாக அங்கேயே இருந்திருக்கிறது. விரல் அதன்மேல் நிற்கிறது, இந்த விரல்தான், இந்தக் கைதான், நாற்பது தடவை சொன்னேனே, எல்லாம் மஞ்சள், எல்லாம் என் பக்கத்துத் தாளில், ஒன்றுகூட உள்ளே போய்ச் சேரவில்லை, இந்த மனிதர் பெட்டியில் சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார், எறும்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுத்துகிறேன். மஞ்சள் எல்லாம் பச்சையாகிறது. மலைக்குள்ளே ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு சுரங்கத்தின் ஆழத்திலிருந்து ஒரு புள்ளி கடப்பாரையைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறது, கிணற்றடிக்கு வருகிறது, வாளியை எடுக்கிறது. பெயரைப் பார்க்கிறேன். பெர்னதெத்.

போய்ட்டாளா? பாத்தியா, அவ்வளவுதான், என்று அவர் நிமிர்கிறார், நிமிர்ந்து போகப் போகிறார், துண்டின் நுனி என் தோளைத் தொட்டு நகர்கிறது, நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன். ஏங்க. ம்? எனக்கு என் கையப் பாத்தா பயமா இருக்கு. வலிக்குதா? காட்டு. வலிக்கல. பாப்பாவத் தூக்குனா விட்டுருவேனோன்னு தோணுது. தவறி இல்ல. நானாவே. மாடியில ஒரு நாள் தோணிச்சு, அதிலிருந்து தெனமும் தோணுது. விடல. விடவே மாட்டேன். ஆனா தோணுது. நீங்க போயிட்டா நான் மட்டும் இருப்பேன். சொல்லிவிட்டேன். சொன்னது என் குரல்தான், பட்டென்று, வயலட் மாதிரி, நடுவில் ஊறுகாய் எதுவும் வரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறேன், பெர்னதெத் வாளியோடு நடையில் வருகிறாள். அந்த முகம் வருமா, பின்னால் நகரும் முகம். பின்னால் ஒரு காலடி கேட்கிறது. நகர்ந்துவிட்டார். இன்னொரு காலடி. அறையை விட்டே போகிறார், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சமையலறையில் ஏதோ உருள்கிறது, எவர்சில்வர், தொட்டிலில் பாப்பா திடுக்கிட்டு ஒரு முனகல், அடங்குகிறாள்.

திரும்பி வருகிறார். கையில் டம்ளர். ததும்பி மணிக்கட்டு வழியாக ஒழுகிச் சட்டைக் கையெல்லாம் நனைந்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார், முகத்தில் அது அப்படியே எழுதியிருக்கிறது, நான் ஒத்திகை பார்த்த நாற்பது முகங்களில் இந்த முகம் இல்லவே இல்லை. எனக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறார். குடி மொதல்ல. குடிக்கிறேன். விளிம்பு பல்லில் படுகிறது. எப்ப இருந்து இது? பதினொண்ணாம் நாள்ல இருந்து. அவர் விரல்விட்டு எண்ணுகிறார், உதடு அசைகிறது, எண்ணி முடிக்கவில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போலாம், இத அவிங்ககிட்ட அப்படியே சொல்லு, எனக்குச் சொன்ன மாதிரியே. ம். தொட்டில் சேலையில் குதிகால் மேடு நகர்கிறது, முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொன்று, பிறகு அந்த அழுகை, பசியின் அழுகை, எனக்கு மார்பில் சுரந்துவிட்டது. அவர் எழவில்லை. நீ தூக்கு, நான் பக்கத்துலதான் இருக்கறேன், என்கிறார். கைகளைப் பார்க்கிறேன். குரல் வருகிறது, விட்டுவிட்டால், அதே நிதானத்தோடு. வரட்டும். ரெண்டடி தள்ளி நிற்கட்டும். சேலைக்குள் கையை விடுகிறேன், வெதுவெதுவென்று ஈரமாக இருக்கிறாள், முழு எடையும் என்மேல் சாய்கிறது.

கீழே கார் ஹாரன் அடிக்கிறது, நாலரைதான் ஆகிறது, முன்னாலேயே வந்துவிட்டான். கிளமென்ட் ஜன்னலைப் பார்க்கிறார், திறந்து கிடக்கும் பெட்டியைப் பார்க்கிறார், பாப்பா வாய் வைத்து உறிஞ்சும் சத்தம் வரும்வரை பொறுக்கிறார், பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார். சார், கிளமென்ட் பேசறனுங்க. நான் கெளம்பலீங்க சார். இல்லீங்க, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்ல கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளு வேணுமுங்க.